பழைய மோட்டார்ச் சைக்கிளும் தளர்ந்த சங்கிலியும்

நோய் முற்றியபின் மருந்து தேடுவதினும் அதன் முதற்குறி தோன்றும்போதே கவனித்தல் நன்று. இவ்விதி மனித உடலுக்கு மட்டும் உரியதன்று, இயந்திரங்களுக்கும் உரியது. பழைய மோட்டார்ச் சைக்கிள்களில் அந்த முதற்குறி பெரும்பாலும் ஓர் ஓசையாகவே வெளிப்படுகின்றது. அவ்வோசையின் பொருளை அறிந்தவர் சிறு செலவோடு தப்புவர்; அறியாதவர் இயந்திரத்தையே இழக்க நேரிடும்.

புளியங்கூடல் முதலிய தீவக ஊர்களில் வாழ்வோருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாண நகருக்குச் செல்பவர் வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி ஆகிய ஊர்களைக் கடந்து, கடலின் நடுவே செல்லும் பண்ணைத் தாம்போதி வழியே போதல் வேண்டும். அங்கே வண்டி நின்றுவிடின் ஒதுங்க நிழலும் இல்லை. புதிய வண்டி வாங்குவதும் எல்லோர்க்கும் இயல்வதன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், பழைய வண்டிகளின் பெறுமதி முன்னையிலும் உயர்ந்தது. ஹொண்டா சி 50, சி 90, எம்.டி. 90, சி.டி. 125, சி.டி. 200 என்பன வடபகுதி மக்கள் நன்கறிந்த பழைய வண்டிகள். இவற்றுள் எம்.டி. 90 யப்பானிய அஞ்சல் ஊழியரின் பாவனைக்கென ஆக்கப்பட்டது.

1958 ஆம் ஆண்டில் ஹொண்டா நிறுவனம் வெளியிட்ட முதலாவது சுப்பர் கப் வண்டியில் ரைமிங் சங்கிலி இல்லை. கோல்கள் மேலெழுந்து வால்வுகளைத் திறந்தன. 1966 இல் வந்த சி 50 வண்டியில் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு இயந்திரத்தின் தலைப்பகுதிக்கு ஏற்றப்பட்டது. கீழே சுழலும் கிராங்குத் தண்டிலிருந்து மேலேயுள்ள கேம் தண்டுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்ல ஒரு மெல்லிய சங்கிலி தேவைப்பட்டது. திருத்துநர் ரைமிங் செயின் என்று வழங்குவது இதனையே.

கிராங்குத் தண்டு இருமுறை சுழலும்போது கேம் தண்டு ஒருமுறை சுழல்கின்றது. ஆகவே மேலுள்ள பற்சில்லு கீழுள்ளதைப்போல் இருமடங்கு பற்களை உடையது. இயந்திரம் நிமிடத்திற்கு 6,000 முறை சுழலும் வேகத்தில், ஒவ்வொரு வால்வும் செக்கனுக்கு 50 முறை திறந்து மூடுகின்றது. இவ்வளவு விரைவான வேலையில் சங்கிலி சிறிது தளர்ந்தாலும் வால்வு திறக்கும் நேரம் பிந்திவிடும். இயந்திரத்தின் வலிமையும் குறையும்.

சங்கிலியின் ஒரு பக்கம் இழுபட்டு இறுக்கமாக நிற்கும். மறுபக்கம் தொய்ந்து நிற்கும். தொய்ந்த பக்கத்தை மெல்ல அழுத்தி அதிராது வைத்திருப்பதே ரென்சனர் என்னும் உறுப்பின் தொழில். சிறிய ஹொண்டா வண்டிகளில், சுருள்வில்லால் தள்ளப்படும் ஒரு கோல், றப்பர் பொதிந்த உருளையொன்றைச் சங்கிலிமேல் அழுத்துகின்றது. சில வகைகளில் இக்கோல் தானே இயங்கும். வேறு சிலவற்றில் அதனை ஒரு திருகாணியும் பூட்டு நட்டும் பிடித்திருக்கும்.

சங்கிலி நீண்டுவிட்டது என்று சொல்வது வழக்கம். உண்மையில் அதன் இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியின் ஊசியும் துளையும் மயிரிழையளவு தேய்கின்றன. பல கண்ணிகளின் தேய்வு ஒன்றுசேரும்போது முழுச் சங்கிலியும் நீண்டதாகின்றது. கூடவே உருளையின் றப்பர் வெப்பத்தால் இறுகி வெடிக்கின்றது, சுருள்வில்லும் வலுவிழக்கின்றது.

இத்தேய்வை விரைவுபடுத்துவது கெட்டுப்போன எண்ணெய். 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. தீவக மக்களிற் பலர் அக்காலத்தில் இடம்பெயர்ந்து குடாநாட்டில் வாழ்ந்தனர். அங்கே சிறிதளவு பெற்றோலால் இயந்திரத்தைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டும் வழக்கம் பரவியது. இல்லாமையிடையே மக்கள் கண்ட வழி அது. ஆயினும் மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதன்று. எரியாது எஞ்சிய பகுதி சிலிண்டரின் சுவர்வழியே இறங்கி, இயந்திர எண்ணெயுடன் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். நீர்த்த எண்ணெய் சங்கிலியின் ஊசிகளைக் காக்க வல்லதன்று. சி 50, சி 90 போன்ற வண்டிகளில் ஒரு லீற்றருக்கு மேற்படாத எண்ணெயே கியர்ச் சில்லுகளுக்கும் கிளச்சுக்கும் சங்கிலிக்கும் பொதுவாக உதவுகின்றது. அதனைக் காலந்தவறாது மாற்றுதலே முதற் பாதுகாப்பு.

இனி ஓசையைக் கவனிப்போம். வால்வின் இடைவெளி கூடினால் ஒழுங்கான மெல்லிய தட்டொலி கேட்கும். சங்கிலி தளர்ந்தாலோ, இயந்திரம் மெதுவாக ஓடும்போதும் வேகத்தைக் குறைக்கும்போதும் சளசளவென்று ஒழுங்கற்ற ஓசை எழும். இதைப் பொருட்படுத்தாவிடின் சங்கிலி உட்சுவரில் உரசி உலோகத் துகள்களை எண்ணெயிற் கலக்கும். முற்றிய நிலையில் அது பற்சில்லில் ஒரு பல் தாண்டிவிடும். பல பற்கள் தாண்டினால் பிஸ்ரன் வால்வை மோதி வளைத்துவிடவும் கூடும்.

ஓசை கேட்டவுடன் திருகாணியை இறுக்கிவிடுவது பலர் செய்யும் பிழை. அளவுக்கு மீறி அழுத்தப்பட்ட உருளையில் பள்ளம் விழும். றப்பர் பிய்ந்து எண்ணெய் வழிகளை அடைக்கும். சுருள்வில்லை இழுத்து நீட்டுவதும், அதன் பின்னால் வாசர் வைப்பதும் சில நாட்களுக்கு ஓசையை மறைக்குமேயன்றித் தேய்வை மாற்றா. பழைய ரயரை வெட்டி உருளை செய்வதும் பயன்தராது. இயற்கை றப்பர் சூடான எண்ணெயில் ஊறி உப்பிவிடும் தன்மையது. எண்ணெயைத் தாங்கும் றப்பராலான உருளையே பொருந்தும்.

முறையான திருத்தம் எண்ணெயை வடித்துப் பார்ப்பதில் தொடங்குகின்றது. அதில் மின்னும் துகள்கள் உண்டெனின் தேய்வு முற்றியதென அறியலாம். உப்புக்காற்றுப் படும் ஊர்களில் வெளியிலுள்ள பூட்டு நட்டுத் துருவேறியிருக்கும். வலிந்து திருகினால் ஆணி முறியும். ஆதலால் துருநீக்கும் எண்ணெய் இட்டு ஓர் இரவு விடுதல் நலம். பின்னர் மக்னெற்றுச் சில்லிலுள்ள ரி அடையாளத்தையும், மேற்பற்சில்லின் அடையாளத்தையும் அவற்றிற்குரிய குறிகளுக்கு நேர்நிறுத்த வேண்டும். சங்கிலியைக் கழற்றுமுன் ஒரு கம்பியால் அதனைக் கட்டிக்கொள்ளல் வேண்டும். தவறி உள்ளே விழுந்தால் வேலை இரட்டிக்கும்.

உருளை, கோல், சுருள்வில், சங்கிலி, பற்சில்லுகள் ஆகிய ஐந்தையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டும். பற்கள் கொக்கிபோல் வளைந்திருப்பின் புதுச் சங்கிலி மட்டும் பூட்டுவது வீண். பழைய பல் புதிய சங்கிலியையும் விரைவிற் கெடுக்கும். எல்லாம் பொருத்திய பின்னர், உதைத்துக் கிளப்புமுன், கிராங்குத் தண்டைக் கையால் மெல்ல இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தல் வேண்டும். எங்காவது தடை தோன்றினால் அங்கேயே நிறுத்தி அடையாளங்களை மீண்டும் நோக்குக. இந்தச் சில நிமிடங்களைச் சேமிக்க முயன்று வால்வை இழந்தவர் உண்டு.

பெற்றோல் இல்லாத நாட்களில் வண்டியை எவ்வாறேனும் ஓடவைப்பதே திறமையாக இருந்தது. உதிரிப்பாகம் கிடைக்கும் காலத்திலும் அவ்வழக்கமே தொடருமாயின், அது திறமையாகாது; சிக்கனமும் ஆகாது. ஓசையை அடக்குதல் வேறு, அதன் காரணத்தை நீக்குதல் வேறு. திருத்தகத்திற் பயிலும் இளைஞர்க்கு முதலிற் கற்பிக்க வேண்டியது இந்த வேறுபாட்டையே. சங்கிலி சளசளக்கத் தொடங்கிய அன்றே அதனைத் திறந்து பார்ப்பவரின் வண்டி, பண்ணைத் தாம்போதியை இன்னும் பல்லாண்டு கடந்து செல்லும்.