மேடவாக்கத்தில் நாளையும் வாழ

மேடவாக்கம் வங்கக் கடலிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் மேற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் தென்மேற்கு ஓரத்தில் அமைந்த சென்னைப் புறநகர் ஊர். வேளச்சேரி – தாம்பரம் சாலையும் சோழிங்கநல்லூர் சாலையும் கூடும் இந்த இடம் சில பத்தாண்டுகளுக்கு முன் வயலும் ஏரியுமாக இருந்தது. இன்று அது அடுக்குமாடிகளின் ஊர். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் செல்லும் மெட்ரோ தடமும் இதன் வழியேதான் அமைகிறது. வீடு வாங்க வருவோர் சாலை, ரயில், பள்ளி, அலுவலகத் தொலைவு எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். புவி சூடேறிவரும் காலத்தில் விசாரிக்க வேண்டியவை இன்னும் உண்டு: இரவில் உடல் ஆறுமா, ஐப்பசி மழை வடியுமா, வைகாசியில் கிணற்றில் நீர் இருக்குமா? மேடவாக்கத்தைப் பொறுத்தவரை இக்கேள்விகளுக்கான விடை பெரும்பாலும் அதன் ஏரிகளிலும் சதுப்பிலும் இருக்கிறது.

முதலில் வெப்பம். மனித உடலின் உள்வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ். தோல் அதைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும். உடலில் ஓயாமல் உண்டாகும் சூடு, வெயில் காலத்தில் பெரும்பாலும் வியர்வை ஆவியாவதன் மூலமே வெளியேறுகிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். சூடு உடலிலேயே தங்கும். அதனால் வெப்பமானி காட்டும் எண் மட்டும் போதாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் ‘ஈரக்குமிழ் வெப்பநிலை’யையும் பார்க்க வேண்டும். 45 டிகிரி வெயிலும் 15 சதவீத ஈரப்பதமும் உள்ள ராஜஸ்தான் நகரில் அது ஏறத்தாழ 24 டிகிரி. 38 டிகிரியும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள சென்னையில் ஏறத்தாழ 29. வெப்பமானியில் ஏழு டிகிரி குறைவு. உடலுக்கோ சென்னைதான் கடினம்.

ஈரக்குமிழ் அளவு 35 டிகிரியைத் தொட்டால் நிழலில் சும்மா இருக்கும் ஆரோக்கியமான மனிதரும் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியாது என்று 2010-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பின்னர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளம் வயதினரை வைத்து நடந்த சோதனைகளில் உண்மையான எல்லை 31 டிகிரியை ஒட்டியே இருப்பது தெரிந்தது. முதியவர்களுக்கும் வெயிலில் கம்பி கட்டும் கட்டடத் தொழிலாளிக்கும் அந்த எல்லை இன்னும் கீழே. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததற்குப் பின்னால் இந்த உடலியல் இருக்கிறது.

தென்சென்னையின் வெயிலைத் தணிப்பது கடற்காற்று. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகி, நண்பகலை ஒட்டிக் கடலிலிருந்து காற்றை இழுக்கிறது. மேற்குக் காற்று வலுத்துக் கடற்காற்று தாமதிக்கும் நாட்களில்தான் வெப்பம் உச்சம் தொடுகிறது. 2003 மே 31-இல் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. நீர்நிலை குளிர்ச்சி தரும் என்று பொதுவாகச் சொல்வது இங்கே பாதி உண்மைதான். காற்று ஏற்கெனவே ஈரமாக இருப்பதால் ஏரி ஆவியாவதால் கிடைக்கும் தணிவு குறைவு. சதுப்பின் பெரிய பயன் வேறு: அது காற்று தடையின்றிப் புகும் திறந்தவெளி, கான்கிரீட்டைப் போலப் பகல் சூட்டைச் சேர்த்துவைத்து இரவில் உமிழ்வதில்லை. இரவில் அறை ஆறாவிட்டால் உடலும் ஆறாது. மறுநாள் வெயிலை அது களைப்போடுதான் சந்திக்கிறது. ஏ.சி. உள்ள வீடு தப்பிக்கலாம், அந்த ஏ.சி. வெளியே தள்ளும் அனல், அது இல்லாத பக்கத்து வீட்டுக்குப் போகிறது.

அடுத்தது வெள்ளம். தாம்பரத்தின் மேற்குச் சரிவில் பெய்வது அடையாற்றுக்குப் போகிறது. கிழக்குச் சரிவில் பெய்வது பள்ளிக்கரணைக்கு வருகிறது. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரிகள் படிப்படியாக அமைந்தவை. ஒன்று நிரம்பினால் கலங்கல் வழியாக உபரி நீர் அடுத்ததற்கு இறங்கும். மதகு வழியாக வயலுக்கும் பாயும். மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் ஏரிகளின் நீரும் கடைசியில் சதுப்பையே சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, தெற்கே முட்டுக்காட்டில் கடலை அடையும். இவ்வளவு பெரிய பரப்புக்கு இருக்கும் ஒரே பெரிய வடிகால் அதுதான்.

ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது இரண்டரைக் கோடி கன மீட்டர் நீர். சதுப்பு சுமார் 5,000 ஹெக்டேராக இருந்த 1960-களில் அந்த நீர் முழுவதும் வந்து சேர்ந்திருந்தாலும் மட்டம் அரை மீட்டர்தான் உயர்ந்திருக்கும். இன்று மிஞ்சியுள்ள 700 ஹெக்டேர் அளவுப் பரப்பில் அதே நீருக்கு மூன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும். மண் குடிப்பதையும் மடுவு வழியே வெளியேறுவதையும் கழித்தாலும் இந்த வேறுபாடு மறையாது. மீதி நீர் எங்கே நிற்கும் என்பதைத் தரைத்தள வீடுகள் அறியும். குடியிருப்புகள், தொழில்நுட்ப வளாகங்கள், சாலைகள், பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, அரசின் ஆய்வு நிறுவனங்கள்கூட இந்தச் சதுப்பின் மீதே எழுந்தன. தவறு தனியாருடையது மட்டும் அல்ல.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாகி, வெள்ளம் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மேடவாக்கம், பெரும்பாக்கம், பள்ளிக்கரணை மீண்டும் நீரில் நின்றன. காற்று ஒரு டிகிரி சூடானால் அது ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பெருமழையின் கனமும் ஏறத்தாழ அதே அளவில் கூடுகிறது என்பது ஐ.நா. பருவநிலைக் குழுவின் மதிப்பீடு. மறுமுனையில் கடல்மட்டமும் ஏறுகிறது. ஓதம் உயரும்போது பக்கிங்காம் கால்வாயில் நீர் இறங்காமல் தேங்கும். மேலிருந்து வரவு அதிகம், கீழே வாய் அடைப்பு, நடுவில் சுருங்கிய சதுப்பு. இந்த நிலையில் தெருவுக்குத் தெரு கட்டும் மழைநீர் வடிகால், நீரை அடுத்த தெருவுக்கு விரைவாகக் கொண்டுசெல்லும் வேலையைத்தான் செய்யும்.

மழைக்காலத்தில் இடம் கிடைக்காத அதே நீர் கோடையில் லாரியில் வருகிறது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு குடிநீர் ஏரிகளும் வறண்டன. குடிநீர்க் குழாய் முழுமையாக வந்து சேராத தென்புறநகர்களுக்கு அப்போது லாரியும் ஆழ்துளைக் கிணறும்தான் கதி. இப்பகுதியின் அடியில் சார்னோகைட் என்னும் கடும்பாறை. பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளும் அதே பாறைதான். நிலத்தடி நீர் அதன் சிதைந்த மேலடுக்கிலும் விரிசல்களிலும் மட்டுமே தங்கும். போர் போடுவோர் ஆழம் கூட்டிக்கொண்டே போவது புதிய நீரை உண்டாக்காது. ஏரியில் சில மாதங்கள் நின்று ஊறும் நீர்தான் அந்த விரிசல்களை நிரப்புகிறது. 2003 முதல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு கடற்கரை மணலில் நன்கு பலன் தந்தது. சதுப்பை ஒட்டிய களிமண்ணில் நீர் எளிதில் இறங்காது. அங்கே ஒரு சிறு குழியால் ஏரியின் வேலையைச் செய்ய முடியாது.

இந்தச் சுமை எல்லோர் மேலும் ஒரே அளவில் விழவில்லை. பெரும்பாக்கத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளை எட்டு மாடிக் கட்டடங்களாக எழுப்பியது. 2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் பல இங்கே குடியமர்த்தப்பட்டன. வெள்ள அபாயத்திலிருந்து காப்பதாகச் சொல்லி, பழைய வேலையிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு அப்பால், நீர் தேங்கும் இன்னோர் இடத்துக்கு அவர்கள் அனுப்பப்பட்டார்கள். மின்சாரம் நின்றால் மின்தூக்கியும் மோட்டாரும் நிற்கும். மேல் மாடி முதியவருக்குத் தண்ணீர்க் குடம் ஏறாது. இடம் தேர்ந்தவர்கள் ஒரு பழைய ஏரி வரைபடத்தைப் பார்த்திருந்தால் போதும்.

சரிசெய்யும் முயற்சிகளும் உண்டு. செம்பாக்கம் ஏரி தூர்வாரப்பட்டு, அதில் கலந்த கழிவுநீரைச் சீராக்கும் வேலை நடந்தது. பெருங்குடியில் பல்லாண்டுக் குப்பை பிரித்தெடுக்கப்பட்டு நிலம் மீட்கப்படுகிறது. 2022-இல் பள்ளிக்கரணை, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமான ராம்சார் தலமானது. 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சதுப்பின் தாக்க எல்லை அறிவியல் முறையில் வரையறுக்கப்படும்வரை ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் புதிய கட்டட அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்த எல்லை சதுப்பின் கரையோடு நின்றால் ஒரு பயன்; சேலையூர் வரை மேலேறும் ஏரிச் சங்கிலியையும் வரத்துக் கால்வாய்களையும் சேர்த்துக்கொண்டால் அதைவிடப் பெரும் பயன். மேடவாக்கத்துக்கு வேண்டியது இரண்டாவது.