ஒலியே கண்ணாக

மருதமுனைத் தறியில் நெய்த துணியின் உறுதி அதன் இழையிலே தங்கியிருக்கிறது. இழை நலிந்தால் கிழிசல் தன் போக்கில் ஓடும். உடலின் மிகப் பெரிய குருதிக் குழாயான தொகுதிப் பெருநாடிக்கும் இக்கதி நேர்வதுண்டு. அதன் சுவர் மூன்று படைகளாலானது. கட்டுக்கடங்காத உயர் குருதியமுக்கம் ஆண்டுக்கணக்கில் மோத, உட்படை ஒருநாள் கிழிகிறது. அவ்வழியே புகும் குருதி படைகளைப் பிரித்துத் தனக்கெனப் பொய்வழியொன்றை அமைத்துக்கொள்கிறது. நெஞ்சிற் பிளந்து முதுகுக்கு ஓடும் கடுவலி அதன் அறிகுறி. இதயத்தை அடுத்த ஏறுபகுதியில் இது நேருமாயின், முதலிரு நாட்களில், சிகிச்சையின்றிக் கழியும் ஒவ்வொரு மணியும் நூற்றுக்கு ஒருவர் இருவரைப் பலிகொள்ளும் என்பது மருத்துவ உலகின் நெடுநாட் கணக்கு.

பழுதுற்ற பகுதியை நீக்கி, செயற்கை இழையால் நெய்த குழாயைத் தைப்பதே சத்திரசிகிச்சை. ஆயினும், மார்பைத் திறந்த பின்னரும் நாடியின் உட்புறம் கண்ணுக்குப் புலனாவதில்லை. அங்கே ஒலி கண்ணாகிறது.

1953 இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்னும் வைத்தியரும் ஹெர்ட்ஸ் என்னும் பௌதிகவியலாளரும், கப்பல் கட்டும் தளமொன்றில் உலோக வெடிப்புகளைக் கண்டறியப் பயன்பட்ட கருவியை இரவல் பெற்று, செவிக்கெட்டாத கழியொலியால் இதயத்தின் அசைவைப் பதிவு செய்தனர். இன்று அக்கருவியின் வழித்தோன்றல், மயக்கத்திலுள்ள நோயாளியின் உணவுக்குழாயினுள் இறக்கப்படுகிறது. இதயத்தின் பின்புறத்தை ஒட்டியே அக்குழாய் செல்வதால் காட்சி தெளிவாகிறது. கிழிசல் எங்கே, மெய்வழி எது, வால்வு ஒழுகுகிறதா, இதயவுறையிற் குருதி தேங்கியதா என்பன திரையில் விளங்கும். தைத்து முடித்ததும் மீண்டும் பார்ப்பர். குறையிருப்பின் மார்பை மூடுமுன்னரே திருத்தலாம். மூச்சுக்குழாயின் காற்று இடைமறிப்பதால் ஏறுநாடியின் மேற்பகுதி சிறிது மறைந்துவிடுவதே இக்கண்ணின் குறை.

கல்முனையிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. ஆகவே இங்கு முதற் சந்தேகமே உயிர்காக்கும். இதை மாரடைப்பென மயங்கிக் குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றினால் கேடே விளையும். மார்பின்மேல் வைத்துப் பார்க்கும் எளிய கழியொலிச் சோதனை அச்சந்தேகத்தை எழுப்பவல்லது. எனினும், அதில் ஒன்றும் தென்படாமையால் நோயில்லை என்று துணிதல் கூடாது.

திரையில் கிழிசலைக் காண்பது அறிவின் வெற்றி. குருதியமுக்கத்தை அளந்து, மருந்தை இடைவிடாது உட்கொண்டு, அக்கிழிசல் நேராமற் காப்பது அதனினும் பெரிய வெற்றியன்றோ!