இடுப்புக்கு மேலே எல்விஸ்

எல்விஸ் பிரெஸ்லி அமெரிக்காவுக்கு வெளியே போய்க் கச்சேரி செய்தது ஒரே ஒரு நாட்டில்தான். 1957இல், பக்கத்து நாடான கனடாவில், மூன்று ஊர்களில். லண்டன் மேடையோ டோக்கியோ மேடையோ அவர் ஏறியதே இல்லை. அவருடைய மேனேஜர் 'கர்னல்' டாம் பார்க்கர் நெதர்லாந்தில் பிறந்து, உரிய காகிதம் இல்லாமல் அமெரிக்காவில் தங்கிவிட்டவர். அதனால்தான் வெளிநாட்டு அழைப்புகளையெல்லாம் தட்டிக்கழித்தார் என்பது பலருடைய ஊகம். காரணம் எதுவானாலும், உலகத்தில் பெரும்பாலானவர்களுக்கு எல்விஸ் என்றால் படம்பிடிக்கப்பட்ட எல்விஸ்தான். ஆகவே அவருடைய மேடைப் பாட்டுகளைக் கோத்து விற்கும் வீடியோத் தொகுப்புகளை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொள்வதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

1990இல் ஆண்ட்ரூ சோல்ட் 'தி கிரேட் பெர்ஃபார்மன்சஸ்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். பின்னால் வந்த பல தொகுப்புகளும் ஏறக்குறைய அந்தத் தடத்தில்தான் நடக்கின்றன. முதலில் மங்கலான கறுப்பு வெள்ளையில் ஒல்லிப் பையன், நடுவில் கறுப்புத் தோலாடை, கடைசியில் வெள்ளை உடையில் வியர்த்து வழியும் கனத்த மனிதர்.

அந்த மங்கலிலிருந்தே தொடங்குவோம். 1956இல் அமெரிக்க டிவியில் எல்விஸ் பாடிய நிகழ்ச்சிகள் நேரலையாகத்தான் போயின. அவற்றைப் பதிவுசெய்து வைக்க வீடியோ டேப் இல்லை. ஆம்பெக்ஸ் கம்பெனியின் டேப் மெஷினை சிபிஎஸ் டிவி நிறுவனம் ஒளிபரப்புக்கு முதன்முதலாகப் பயன்படுத்தியதே அந்த ஆண்டு நவம்பர் கடைசியில். அதுவரை இருந்த வழி கினஸ்கோப். ஓடிக்கொண்டிருக்கும் டிவித் திரைக்கு எதிரே ஃபிலிம் கேமராவை நிறுத்திப் படம் எடுத்துவிடுவார்கள். டிவியில் ஓடும் கிரிக்கெட்டை நாம் செல்போனில் எடுப்போமே, அதே வேலை. டிவிப் படம் விநாடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படும். ஃபிலிமோ விநாடிக்கு 24 படம்தான் பிடிக்கும். இடையில் உள்ள அசைவு தொலைந்துபோகும். எந்தக் கால் ஆட்டத்துக்காக அமெரிக்கா கொந்தளித்ததோ, அந்த ஆட்டத்தில் ஒரு பகுதி ஃபிலிமில் ஏறவே இல்லை.

கொந்தளிப்பு 1956 ஜூன் 5இல் மூண்டது. மில்டன் பெர்ல் நிகழ்ச்சியில் எல்விஸ் கிதாரைக் கையில் எடுக்காமல் 'ஹவுண்ட் டாக்' பாடினார். கடைசியில் பாட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு தாளத்துக்கும் இடுப்பை அசைத்தார். மறுநாள் பத்திரிகைகள் காய்ச்சி எடுத்துவிட்டன. அடுத்த மாதம் ஸ்டீவ் ஆலன் தன் டிவி நிகழ்ச்சியில் அவருக்கு வால்கோட்டு மாட்டி, நிஜ நாய் ஒன்றை எதிரே உட்காரவைத்து அதே பாட்டைப் பாடவைத்தார். தொகுப்புகளில் இதை நகைச்சுவையாகப் போடுகிறார்கள். எனக்கு அது அவமானமாகத்தான் தெரிகிறது. ஆனால் அந்தப் பையனின் முகத்தைக் கவனியுங்கள், கோபமே இல்லை.

பிறகு எட் சல்லிவன் நிகழ்ச்சி. மூன்று தடவை வர 50,000 டாலர் ஒப்பந்தம். 'எல்விஸை இடுப்புக்கு மேலேதான் காட்டினார்கள்' என்று எல்லாத் தொகுப்பும் சொல்லும். பாதிதான் உண்மை. 1956 செப்டம்பர் 9 முதல் நிகழ்ச்சியின்போது, கார் விபத்தில் அடிபட்ட சல்லிவன் ஓய்வில் இருந்தார். அவர் இடத்தில் நடிகர் சார்லஸ் லாட்டன் நியூயார்க்கிலிருந்து நிகழ்ச்சியை நடத்த, எல்விஸ் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து பாடினார். சுமார் 6 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கு. அக்டோபர் 28இல் ஆளை முழுதாகவே காட்டினார்கள். 1957 ஜனவரி 6, மூன்றாவது தடவைதான் கேமரா இடுப்புக்குக் கீழே இறங்க மறுத்தது. அன்று அவர் ஒரு பக்திப் பாட்டும் பாடினார் என்பது வேடிக்கை. மூன்று இரவுகளையும் ஒட்டிப் போட்டால் கதை விறுவிறுப்பாக இருக்கும், அதனால் ஒட்டிவிட்டார்கள்.

கேமரா மேலேயே நின்றபோதும் கீழே நடப்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: டிரம்ஸைக் கேளுங்கள். டி.ஜே. ஃபொன்டானா, எல்விஸின் உடம்பு எங்கே வெட்டுகிறதோ அங்கே அடி வைப்பவர். இதே டிரம்ஸ் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். சில தொகுப்புகளில் மேடை ஒலியைத் தூக்கிவிட்டு இசைத்தட்டு ஒலியை ஒட்டியிருப்பார்கள். குச்சி விழும் இடமும் சத்தம் வரும் இடமும் பொருந்தவில்லையென்றால் சந்தேகப்படலாம். 'ஜெயில்ஹவுஸ் ராக்' போன்ற சினிமாக் காட்சிகளுக்கு இந்தச் சோதனை வேண்டாம். அவை முன்பே பதிவுசெய்த தன் பாட்டுக்கு எல்விஸே வாயசைத்தவை. மேடைக் கச்சேரியோடு அவற்றைக் கலப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

இனி 1968. இங்கே கொஞ்சம் அதிக நேரம் உட்காரலாம். எல்விஸ் கடைசியாகப் பொதுமக்கள் முன் கச்சேரி செய்தது 1961 மார்ச்சில். நடுவில் ஏழு ஆண்டுகள் ஒன்றுபோல இன்னொன்றாகப் படங்கள். என்பிசி டிவிக்கு ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி செய்தால் போதும் என்பது பார்க்கரின் திட்டம். பணம் போட்டது சிங்கர் கம்பெனி. ஆமாம், நம் வீடுகளில் பார்த்த அதே சிங்கர் தையல் மெஷின்தான். இயக்குநர் ஸ்டீவ் பைண்டர் அந்தத் திட்டத்துக்கு மசியவில்லை. ஒத்திகை முடிந்து உடைமாற்றும் அறையில் எல்விஸ் கூட்டாளிகளோடு கிதாரைத் தட்டிக்கொண்டு பழைய பாட்டுகளைப் பாடுவதைப் பார்த்தார். அங்கே கேமராவை விடப் பார்க்கர் சம்மதிக்கவில்லை. அப்படியானால் அந்த அறையையே மேடைக்குக் கொண்டுவருவோம் என்று, குத்துச்சண்டைக் களம் போன்ற சின்ன சதுர மேடையில் நாற்காலிகளைப் போட்டார். சுற்றிலும் கை எட்டும் தூரத்தில் ரசிகர்கள். பழைய கூட்டாளிகளில் கிதார் ஸ்காட்டி மூரும் ஃபொன்டானாவும் வந்தார்கள். பேஸ் வாசித்த பில் பிளாக் 1965இலேயே இறந்துவிட்டார். மேடையில் டிரம்ஸுக்கு இடமில்லை. ஃபொன்டானா ஒரு கிதார் பெட்டியின் மேல் தாளம் போட்டார்.

ஜூன் 27இல் இப்படி உட்கார்ந்து இரண்டு கச்சேரி, 29இல் நின்று இரண்டு கச்சேரி. டிசம்பர் 3இல் ஒளிபரப்பான ஒரு மணி நேர நிகழ்ச்சியில் இவற்றிலிருந்து துண்டுகள்தான் இடம்பெற்றன. தொகுப்புக்காரர்கள் அந்தத் துண்டிலிருந்தும் துண்டு எடுக்கிறார்கள். அதில் போய்விடுவது எது என்றால், பாட்டுக்கு நடுவே வருவது: வரி மறந்து சிரிப்பது, தன் படங்களைத் தானே கிண்டல் செய்வது, மூரின் எலெக்ட்ரிக் கிதாரை வாங்கித் தானே வாசிக்கத் தொடங்கியதும் பாட்டு திடீரென்று முறுக்கேறுவது. ஏழு ஆண்டு மேடை ஏறாத மனிதனின் பயம் எப்படிக் கரைகிறது என்பது பாட்டுக்குப் பாட்டு தெரியும். மூன்று நிமிடத் துணுக்கில் அது தெரியாது. நான்கு கச்சேரிகளும் 2004இல் டிவிடியாக முழுசாகவே வந்துவிட்டன.

1973 ஜனவரி 14, ஹவாய். இதைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் தொகுப்புகள் மிகையாகச் சொல்வது இதைத்தான். செயற்கைக்கோள் வழியாக நேரலை. ஜப்பானில் மாலை ஏழரை ஆகட்டும் என்று ஹோனலுலுவில் நள்ளிரவு தாண்டிப் பாடினார். அமெரிக்காவே ஏப்ரலில்தான் பார்த்தது. 'நூறு கோடிப் பேர் பார்த்தார்கள்' என்ற விளம்பரத்தை இன்றும் எழுதுகிறார்கள். உலகத்தின் அன்றைய மக்கள்தொகை சுமார் 390 கோடி. இந்தியாவும் சீனாவும் அந்த ஒளிபரப்பிலேயே இல்லை. சென்னைக்குத் தூர்தர்ஷன் வந்ததே 1975இல். கணக்கு உதைக்கிறது. ஆனால் குரல் அங்கே அபாரம், அதைச் சொல்லாமல் விட முடியாது.

கடைசிப் படப்பிடிப்பு 1977 ஜூனில், ஒமாஹாவிலும் ரேபிட் சிட்டியிலும். ஆகஸ்ட் 16இல் அவர் இறந்தார். அக்டோபரில் சிபிஎஸ் அந்தப் படப்பிடிப்பை ஒளிபரப்பியது. உடம்பு வீங்கி, பேச்சு குழறி, பார்க்கக் கஷ்டமாக இருக்கும். தொகுப்புகள் காலவரிசையில் போவதால், ஒல்லிப் பையன் வீங்கிப்போன நீதிக்கதையாக அவருடைய வாழ்க்கையே மாறிவிடுகிறது. ரேபிட் சிட்டியில் பியானோ முன் உட்கார்ந்து, ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொள்ள, அவர் 'அன்செயின்ட் மெலடி' பாடும் காட்சியைப் பாருங்கள். மூச்சு திணறுகிறது, ஆனால் உச்ச சுரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அதைப் பரிதாபம் என்று மட்டும் எப்படிச் சொல்வது?

இப்போது புதிதாக இன்னொன்று. 1956 காட்சிகளுக்குக் கம்ப்யூட்டர் வண்ணம் பூசி, விநாடிக்கு 60 படமாக வழவழப்பாக்கிப் போடுகிறார்கள். கினஸ்கோப்பில் ஏறாத அசைவை மெஷின் ஊகித்து நிரப்புகிறது. அது எல்விஸின் அசைவு அல்ல. ஒரிஜினல் ஃபிலிமிலிருந்து சுத்தம் செய்வது வேறு விஷயம். 1970, 72 கச்சேரிப் படங்களின் பயன்படுத்தாத ஃபிலிம்கள் கான்சாஸ் மாநிலத்தில் உப்புச் சுரங்கத்துக்குள் இருக்கும் சேமிப்புக் கிடங்கில் கிடந்தன. அவற்றிலிருந்து இயக்குநர் பாஸ் லூர்மன் எடுத்த கச்சேரிப் படம் 2025இல் டொராண்டோ விழாவில் திரையிடப்பட்டது.

ஒரு மாலைதான் கைவசம் என்றால் தொகுப்பை ஓரமாக வையுங்கள். 1968 ஜூன் 27 கச்சேரிகளில் ஒன்றை, நடுவில் நிறுத்தாமல், பேச்சையும் தாண்டிப் போகாமல் பாருங்கள். இன்னொரு மாலை கிடைத்தால் 1956 அக்டோபர் 28. தொகுப்புகளை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.