நகப்பூச்சும் ஜிகினாவும்



அழகு செய்துகொள்ளும் விருப்பம் மனிதனோடு உடன் பிறந்தது. பண்டிகை நாட்களில் அவ்விருப்பம் விரல் நுனிவரை சென்றுவிடுகிறது. முன்னாளில் மருதாணி ஒன்றே அப்பணியைச் செய்தது. இந்நாளில் ஜிகினா கலந்த நகப்பூச்சும் உடன் சேர்ந்துகொண்டது. "முதியவருக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் நகைக்கலாம். பல்லாண்டுகள் இரசாயனம் கற்பித்த எனக்கு, தீபாவளியை ஒட்டி என் பேத்திமார் கூடத்தில் பரப்பி வைக்கும் சிறு சீசாக்கள் ஒரு சோதனைச் சாலையாகவே தோன்றுகின்றன.

முதலில், நகம் என்பது யாது? அது கெராட்டின் என்னும் புரதத்தாலான தகடு. நம் மயிரும் மாட்டின் கொம்பும் அப்புரதத்தால் ஆனவையே. கண்ணுக்குத் தெரியும் தகட்டில் உயிரில்லை. தோலுக்குள் மறைந்திருக்கும் வேரில்தான் உயிருண்டு. கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது. முழு நகமும் புதிதாக வர ஏறக்குறைய 6 மாதமாகும். நகத்தின் அடியோரத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல், கிருமிகள் வேருக்குள் புகாமல் தடுக்கும் காவல். அழகுக்காக அதனை வெட்டி எறிதல் ஆகாது.

இனிச் செய்முறையைக் காண்போம். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பசை இருந்தால் பூச்சு ஒட்டாது. அடுத்து, நிறமற்ற அடிப்பூச்சு ஒன்று. இஃது இல்லையேல் அடர்ந்த சாயம் நகத்தில் ஊறி மஞ்சள் கறையாக நின்றுவிடும். பின்னர் நிறப்பூச்சை மெல்லிதாக இருமுறை தீட்டுக. ஏன் மெல்லிதாக? பூச்சு உலர்வது, அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போவதால். தடிமனாகத் தீட்டினால் மேற்பரப்பு முந்தி உலர்ந்து, உள்ளிருக்கும் ஆவி வெளியேற வழியின்றிச் சுருக்கமும் குமிழும் உண்டாகும்.

ஜிகினா கலந்த பூச்சைத் தீட்டுவதைவிடத் தூரிகையால் ஒற்றி ஒற்றி வைத்தல் நன்று. துகள்கள் ஒருபுறமாக ஒதுங்கா. இத்துகள்கள் பெரும்பாலும் அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாளை நறுக்கிச் செய்தவை. பூதக்கண்ணாடி கொண்டு நோக்கினால் பல துகள்கள் அறுகோணமாக இருக்கக் காண்பீர்கள். தேன்கூட்டின் அறைகளைப்போல அறுகோணங்கள் இடைவெளியின்றிப் பொருந்துவதால், நறுக்கும்போது தாள் வீணாவதில்லை. ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் கண்ணாடி. விரல் அசையும்தோறும் ஒளியை வெவ்வேறு திசையில் திருப்புகிறது. இறுதியாக மேற்பூச்சு ஒன்று இட்டால், துகள்களின் கூர்முனை துணியில் மாட்டாது.

பூச்சை நீக்கும்போது சுரண்டுதல் தவறு. நகத்தின் மேலடுக்கும் உடன் பெயர்ந்துவிடும். அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின்மேல் பத்து நிமிடம் வைத்திருந்து துடைத்தால் எளிதில் நீங்கும். அப்பஞ்சைக் குப்பைக் கூடையில் இடுக, கழிநீரில் விடாதீர்கள். பிளாஸ்டிக் துகள் மக்குவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் பிளாஸ்டிக்காலான உதிரி ஜிகினாவின் விற்பனையைப் பெரும்பாலும் தடை செய்தது இக்காரணம் பற்றியே.

இனி நான் வற்புறுத்திக் கூற விரும்புவது ஒன்று. நகப்பூச்சுகள் பலவற்றில் படலமாக அமைவது நைட்ரோசெல்லுலோஸ். ஷேன்பைன் என்ற இரசாயன அறிஞர் 1846இல் உலகுக்கு அறிவித்த வெடிபஞ்சுக்கு இஃது உறவினம். அதனைக் கரைத்து வைத்திருக்கும் எதில் அசிடேட், சுழிக்குக் கீழே 4 பாகை செல்சியஸ் குளிரிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை விடுவது. அசிட்டோனோ அதனினும் விரைந்து பற்றும். இவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது. ஆதலின் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து செல்லும். தரையில் நாம் வைப்பது என்ன? அகல் விளக்கு! சற்று அப்பால் மத்தாப்பு.

ஆகவே இவ்வேலையைப் பண்டிகைக்கு முந்திய நாள் பகலிலேயே, சன்னல்கள் திறந்த அறையில், அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டத்தில் அமர்ந்து முடித்துக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகளை அருகில் விடாதீர்கள். விளக்கேற்றும் வேளை வரும்போது சீசாக்கள் இறுக மூடிப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். அதன் பின்னர் உங்கள் விரல்கள் விளக்கொளியில் எவ்வளவு வேண்டுமானாலும் மின்னட்டும். பெரியவர்கள் நாங்களும் கண்டு மகிழ்வோம்.