‘அண்ணே’ என்னும் விளியும் உணர்வுப் பெயர்ச்சியும்

நோயாளி தம் இளமையில் தாய், தந்தை, உடன்பிறந்தார் ஆகியோரிடம் கொண்ட அன்பையும் அச்சத்தையும் சினத்தையும் தம்மை அறியாமலேயே மருத்துவர்மீது ஏற்றிக் காண்பதை உளப்பகுப்பாய்வாளர் ‘டிரான்ஸ்ஃபரன்ஸ்’ என்பர். ஃபிராய்டு ஆண்ட ஜெர்மானியச் சொல்லுக்கு ‘ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குக் கொண்டுசேர்த்தல்’ என்பதே பொருளாதலின், இக்கட்டுரை அதனை ‘உணர்வுப் பெயர்ச்சி’ எனக் குறிக்கிறது.

புரோயருடன் இணைந்து 1895இல் வெளியிட்ட நூலில் ஃபிராய்டு இதனைப் பிழையானதோர் இணைப்பு என்றே கருதினார். ‘டோரா’ எனப் புனைபெயரிடப்பட்ட இளம்பெண், ஏறத்தாழ மூன்று திங்கள் சிகிச்சைக்குப்பின் 1900ஆம் ஆண்டின் இறுதி நாளில் விலகிச் சென்றார். பெயர்ச்சியை உரிய காலத்தில் தாம் கண்டுகொள்ளத் தவறியதை 1905இல் வெளிவந்த அவ்வாய்வுரையில் ஃபிராய்டே ஒப்புக்கொண்டார். தடையாகத் தோன்றியதே சிகிச்சையின் களம் என்னும் தெளிவு 1912ஆம் ஆண்டுக் கட்டுரையில் முழுமை பெற்றது.

இக்கருத்து வியன்னாவில் பிறந்தது. தமிழரிடையே இதனைப் பொருத்துங்கால் ஒரு சிக்கல் எழுகிறது. செராஸ் அடுக்குமாடி வீடொன்றிலிருந்து வரும் தமிழ்ப் பெண்ணொருவரைக் கற்பனை செய்துகொள்வோம். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற ஆலோசகர்முன் அமர்ந்து, “நான் என்ன செய்யணும், நீங்களே சொல்லுங்கண்ணே” என்கிறார். ஆங்கிலப் பாடநூல் வழிப் பயின்ற ஆலோசகர் ‘தமையன்மீதான பெயர்ச்சி’ எனக் குறித்துக்கொள்ளக்கூடும். ஆனால் நாசி லெமாக் விற்பவரும் அப்பெண்ணுக்கு அண்ணன்தான்! ஆங்கிலத்தில் ‘யூ’ என்றால் போதும். தமிழிலோ உறவைத் தேர்ந்த பின்னரே பேச்சைத் தொடங்க இயலும்.

இந்திய மனநல மருத்துவர் இதனை முன்னரே உணர்ந்திருந்தனர். சூரியாவும் ஜெயராமும் 1964இல் எழுதிய கட்டுரையில், இந்திய நோயாளி மருத்துவரிடம் கூட்டுக்குடும்பப் பெரியவரையே எதிர்பார்க்கிறார் என்றனர். நேக்கி 1973இல் குரு–சீடர் உறவையே சிகிச்சைக்கு மாதிரியாக முன்மொழிந்தார். எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. குருவிடம் சினங்கொள்ள நம் மரபு எளிதில் இடந்தருவதில்லை. சினத்திற்கு இடமில்லாத அறையில் பெயர்ச்சியின் பாதி மறைந்தே போகும்.

ஆகவே விளியைமட்டும் கொண்டு முடிவுசெய்தல் பொருந்தாது. அண்ணன் என அழைக்கப்பட்டவருக்குக் கடமைகள் உண்டு. கணவருக்கு வேலை பார்த்துத் தருமாறு அப்பெண் கேட்கிறார், ஆலோசகர் மறுக்கிறார். “பரவாயில்லைண்ணே” என்னும் மறுமொழி கிடைக்கிறது. அடுத்த வாரம் காலந்தாழ்ந்து வருகிறார். அதற்கடுத்த வாரம் வரவேயில்லை. அழைத்தது வழக்கம், ஏமாற்றம் அவ்வளவு ஆழமாய்ப் புண்படுத்தியது அவருக்கே உரிய வரலாறு. வாக்களித்துக் கைவிட்ட தந்தை அங்கேதான் தலைகாட்டுகிறார்.

ஆலோசகரும் இதற்கு விலக்கல்லர். ‘தங்கை’க்கு மறுத்த குற்றவுணர்வால் அவர் கூடுதல் நேரம் ஒதுக்கலாம், அல்லது தேவையின்றிக் கண்டிப்புக் காட்டலாம். ஆய்வாளரின் இத்தகைய உணர்வுகளும் நோயாளியை அறியும் கருவியே எனப் பவுலா ஹைமன் 1950இல் வாதிட்டார்.

மரியாதை மிகுந்த நோயாளி வாய்திறந்து சினப்பது அரிது. வராமல் நின்றுவிடுவதே அவர் அறிந்த வழி. அதற்குமுன் சிறு அடையாளங்கள் தென்படக்கூடும்: தமிழில் பேசிவந்தவர் திடீரென ஆங்கிலத்திற்கோ மலாய்க்கோ மாறுவார்; ‘அண்ணே’ என்பது ‘சார்’ ஆகும். “சென்ற வாரம் நான் மறுத்தது உங்களுக்கு எப்படி இருந்தது?” என ஆலோசகர் கேட்க வேண்டிய நாள் அதுவே.