போதைக்கு எதிராக ஊரும் சட்டமும் மார்க்கமும்

பக்கத்து வீட்டுப் பையன் கஞ்சா அடிக்கிறான் என்று தெரிந்தால் நம்மில் பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைத்தான் செய்வோம். "நமக்கு எதுக்கு வம்பு" என்று ஒதுங்குவோம். இல்லாவிட்டால், "அந்தக் குடும்பத்தையே இங்கேருந்து கிளப்பணும்" என்று சொசைட்டிக் கூட்டத்தில் குரல் கொடுப்போம். நம் வீட்டுப் பையனாகவே இருந்தால் மூடி மறைப்போம். வெளிமாநிலத்தில் பிழைக்கும் நமக்குப் போலீஸ் என்றால் பயம், மொழியும் முழுசாக வராது. ஊரில் தெரிந்தால் தங்கைக்கு வரன் அமையாதே என்ற கவலை வேறு. இந்த மூன்றையும் விட நல்ல வழி ஒன்று உண்டு. நம் நாட்டுச் சட்டமும் இஸ்லாமிய மார்க்கமும் வேறு வேறு திசையிலிருந்து வந்து அதே வழியைக் காட்டுகின்றன.

சட்டம் சொல்வது

மருத்துவத் தேவை தவிர, மதுவும் உடலைக் கெடுக்கும் போதைப் பொருள்களும் புழங்காமல் தடுக்க அரசு முயல வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 47-வது பிரிவு. மது மாநிலப் பட்டியலில் இருப்பதால் மாநிலத்துக்கு மாநிலம் மதுச் சட்டம் மாறும். கஞ்சா, அபின், ஹெராயின் போன்றவற்றுக்கு நாடு முழுக்க ஒரே சட்டம்தான். அது 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டம். கஞ்சாவில் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு', அதற்கு ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு'. அப்போது குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு.

இந்தச் சட்டத்தில் உள்ளாட்சிக்கும் இடம் உண்டு. கஞ்சாவோ அபின் செடியோ திருட்டுத்தனமாகப் பயிராவது தெரிந்தால் பஞ்சாயத்து உறுப்பினரும் சர்பஞ்சும் கிராம அதிகாரியும் உடனே தகவல் தர வேண்டும். சொல்லாமல் விட்டால் அவர்களே தண்டனைக்கு உள்ளாவார்கள். பழங்குடிப் பகுதிகளுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தப் போதைப் பொருளையும் தடை செய்யவோ கட்டுப்படுத்தவோ கிராம சபைக்கும் பஞ்சாயத்துக்கும் அதிகாரம் தரச் சொல்கிறது.

நாம் அதிகம் கேள்விப்படாதது 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையானவர் உட்கொண்டதாகவோ சிறிய அளவு வைத்திருந்ததாகவோ வழக்கில் சிக்கியிருக்கலாம். அவர் தானாக முன்வந்து, அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் அந்தக் குற்றங்களுக்கு வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். வியாபாரம் செய்கிறவனுக்கு இந்தச் சலுகை கிடையாது.

மார்க்கம் சொல்வது

குர்ஆன் மதுவை ஒரே நாளில் தடுத்துவிடவில்லை. முதலில் அதில் பயனை விடப் பாவம் பெரிது என்றது (2:219). பிறகு போதையோடு தொழுகையை நெருங்காதீர்கள் என்றது (4:43). கடைசியில் அறவே விலக்கச் சொன்னது (5:90). பழக்கத்தில் ஊறிய சமூகத்தைப் படிப்படியாக மீட்ட முறை இது.

கஞ்சாவின் பெயர் குர்ஆனில் இல்லையே என்று சிலர் வாதம் செய்வதுண்டு. அறிவை மூடுவதெல்லாம் மதுதான் என்று கலீஃபா உமர் (ரலி) விளக்கியிருக்கிறார்கள். போதை தருவது எல்லாமே விலக்கப்பட்டது என்பது நபிமொழி. உயிர், அறிவு, மார்க்கம், வம்சம், பொருள் ஆகிய ஐந்தையும் காப்பதே மார்க்கச் சட்டத்தின் நோக்கம் என்று இமாம் கஸ்ஸாலி வகுத்தார். போதை இந்த ஐந்தையுமே அரிக்கிறது.

ஆனால் விழுந்தவனை மிதிக்கச் சொல்லவில்லை. மது குடித்துப் பலமுறை தண்டனை பெற்ற ஒருவரைச் சிலர் சபித்தபோது, சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். துருவி ஆராயாதீர்கள் என்பதும் குர்ஆனின் கட்டளை (49:12). உமர் (ரலி) ஒரு வீட்டுச் சுவரேறிக் குதித்து, மது வைத்திருந்தவரைப் பிடித்ததாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. "நான் செய்தது ஒரு தவறு, நீங்கள் செய்தது மூன்று: துருவினீர்கள், வாசல் வழியே வரவில்லை, அனுமதியும் கேட்கவில்லை" என்றாராம் அவர். கலீஃபா அதை ஒப்புக்கொண்டு திரும்பினாராம். நம் சட்டத்திலும் இதே எச்சரிக்கை இருக்கிறது. 42-வது பிரிவு வீட்டைச் சோதிக்க விதி வைக்கிறது. 50-வது பிரிவின்படி, உடலைச் சோதிக்கும்போது மாஜிஸ்திரேட் அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் செய்யும்படி கேட்க உரிமை உண்டு.

நாம் செய்யக்கூடியது

சங்கமோ சொசைட்டியோ ஜமாத்தோ தண்டனை தரும் இடம் அல்ல. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொல்லிவிட்டது. ஃபத்வாவுக்குச் சட்ட வலிமை இல்லை என்று 2014-இல் தீர்ப்பளித்தது. அபராதம் போடுவது, ஊர் விலக்கு வைப்பது, வீட்டைக் காலி செய்யச் சொல்வது எதுவும் நம் வேலை அல்ல. விற்கிறவனைப் பற்றிப் போலீசுக்குத் தகவல் சொல்லலாம். சிக்கிய பிள்ளையைச் சிகிச்சைக்கு அழைத்துப் போகலாம். நம் வார்டில் அங்கீகாரம் பெற்ற சிகிச்சை மையம் எங்கே இருக்கிறது என்று கார்ப்பரேட்டரிடம் கேட்டு, சங்கத்துப் பலகையில் எழுதி வைக்கலாம். இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேட்கலாம். மத்திய அரசின் இலவச உதவி எண் 14446.

பிள்ளை கெட்டுப்போனது வெளியே தெரிந்தால் மானம் போகும் என்று பயப்படும் தாய்க்கு, "வாங்கம்மா, நானும் கூட வர்றேன், சேர்ந்து போகலாம்" என்று சொல்ல நம் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். சட்டமும் மார்க்கமும் நம்மிடம் எதிர்பார்ப்பது அதைத்தான்.