முறுக்கிவிட்ட காயில் எத்தனை நாளைக்கு?



கேஸ் தீர்ந்துபோன நேரத்துக்கு உதவட்டுமே என்று பல வீடுகளில் ஒரு காயில் ஸ்டவ் வைத்திருப்போம். எங்கள் ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கம் தனியாக இருக்கும் வயதான மாமிகள், திருச்சியில் ரூம் எடுத்துப் படிக்கும் பெண்கள் என்று அதையே நம்பியிருப்பவர்களும் உண்டு. இண்டக்‌ஷன் ஸ்டவ் வந்தாச்சுதான். ஆனால் வெண்கலப் பானையும் அலுமினியப் பாத்திரமும் அதில் சூடாகாதே!

இந்தக் காயில் அறுந்துபோனால் நாம் என்ன செய்கிறோம்? இரண்டு முனையையும் இழுத்து முறுக்கிவிட்டு, "சரியாப் போச்சு" என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

எங்கள் தெரு மாமி ஒருவர் அப்படி முறுக்கின காயிலில் பால் காய்ச்சினார். முறுக்கின இடம் புடைத்துக்கொண்டு பாத்திரத்தின் அடியில் பட்டிருக்கிறது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று பாத்திரத்தைத் தொட்டதும் சுரீரென்று ஷாக்! கையை உதறிக்கொண்டு தப்பினார். "ரங்கநாதர் காப்பாத்தினார்டீ" என்றார். பெருமாள் காப்பாற்றினார், வாஸ்தவம். நாமும் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டாமா?

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்த என் மகன் விளக்கியதைச் சொல்கிறேன். காயில் கம்பி நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம். 1906-ல் அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். செக்கச்செவேல் என்று பழுத்தாலும் சீக்கிரம் துருப்பிடித்து உதிராது. ஆனால் முறுக்கின இடத்தில் கம்பிகள் சரியாக ஒட்டாது. அங்கே மட்டும் சூடு அதிகமாகி, பொறி பறந்து, மறுபடி அறுந்துவிடும். ஈயப் பற்று வைத்தாலோ அந்தச் சூட்டில் உருகி ஓடிவிடும்.

இன்னொன்று, காயில் நீளம் குறைந்தால் கரண்ட் கூடுதலாக இழுக்கும். 1500 வாட் காயிலில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது சுமார் 1670 வாட் ஆகிவிடும். பழைய வீட்டு வயரிங் இதைத் தாங்குமா?

ஸ்டவ் சூடாகவில்லை என்றால் எல்லா நேரமும் காயில்தான் குற்றவாளி என்பதில்லை. அதே பிளக் பாயிண்டில் அயர்ன் பாக்ஸ் மாதிரி வேறு சாமானைப் போட்டுப் பாருங்கள். அதுவும் சூடாகாவிட்டால் கோளாறு பாயிண்டில். சூடானால், ஸ்டவ்வின் பிளக்கைக் கையில் எடுத்துப் பின்கள் கருகியிருக்கின்றனவா, வயர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து ஸ்டவ்வை நன்றாக ஆறவிட்டு, கவிழ்த்து, அடித்தகட்டைக் கழற்றிப் பார்க்கலாம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். சில வீடுகளில் சுவிட்சை நியூட்ரல் வயரில் தவறாகக் கொடுத்திருப்பார்கள். அணைத்த பிறகும் காயிலில் கரண்ட் இருக்கும்! உள்ளே வயரும் காயிலும் சேரும் இடத்தில் திருகு தளர்ந்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே சரியாகிவிடும். வயரே கருகியிருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

காயில் அறுந்திருந்தால் புதுசுதான் போட வேண்டும். ஸ்டவ்வில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, பழைய காயிலையும் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். பீங்கான் தட்டின் பள்ளத்தை ஒரு நூலால் அளந்து, அந்த நீளத்துக்குக் காயிலை ஒரே சீராக இழுக்க வேண்டும். ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் அகலமாகவும் இருந்தால், நெருக்கமான இடம் அதிகம் பழுத்துச் சீக்கிரம் போய்விடும். நீளம் மிச்சமென்று வெட்டாதீர்கள். காயில் எங்கேயும் பள்ளத்தைவிட்டு மேலே எழும்பக் கூடாது.

1500 வாட் ஸ்டவ் சுமார் 6.5 ஆம்பியர், 2000 வாட் என்றால் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். டி.வி. போடுகிற சின்ன பாயிண்ட் இதற்கு ஆகாது. எர்த் உள்ள பெரிய பாயிண்டில், மூன்று பின் பிளக்தான் போட வேண்டும். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று வைத்துக்கொண்டால், உடம்பு வழியாகத் தரைக்குக் கரண்ட் பாயும்போது நொடியில் துண்டித்துவிடும்.

கரண்ட் பில்லையும் மறக்காதீர்கள். தினம் ஒரு மணி நேரம் 1500 வாட் ஸ்டவ் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் ஆகிறது.

பால் பொங்கி வழிந்தாலோ, பாத்திரத்தை இறக்குவதானாலோ முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். உங்கள் வீட்டில் முறுக்கின காயில் இருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். பக்கத்தில் தனியாக இருக்கும் மாமி, பாட்டி ஸ்டவ்வையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். அவர்களாக வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள்.

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்.